அறிந்ததை மறைத்தல்: ஞானாவரணீயமும் ஓசூர்த் தொழிற்கூடமும்

ஒருவர் தாம் அறிந்ததைப் பிறருக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்வது குற்றமா, உரிமையா என்ற கேள்வியை இந்தியச் சமயங்களுள் மிக நுணுக்கமாக ஆராய்ந்தது சமணம் எனலாம். உயிரின் இயல்பே அறிவு என்றும், வினைத்துகள்கள் அதன்மேல் படிந்து அவ்வறிவை மூடிவிடுகின்றன என்றும் கொள்ளும் அச்சமயம், அறிவை மூடும் வினைக்கு ஞானாவரணீயம் என்று பெயரிட்டு, அது எவ்வெச் செயல்களால் வந்து சேர்கிறது என்பதையும் வகுத்துரைக்கிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இத்தகைய செயல்களாக ஆறினைக் குறிப்பிடுகிறது: அறிவுடையார்மேல் காழ்ப்புக் கொள்வது, அறிந்தும் அறியேன் என்று மறைப்பதாகிய நிஹ்னவம், கற்பிக்கத் தக்கதைப் பொறாமையால் கற்பிக்காதிருப்பதாகிய மாத்சரியம், பிறர் கற்பதற்கு இடையூறு செய்வதாகிய அந்தராயம், சொல்ல வருபவரைத் தடுப்பது, மெய்யறிவைப் பொய்யென்று பழிப்பது. இவற்றுள் நிஹ்னவம் இன்னொரு பொருளையும் உடையது; யாரிடம் கற்றோமோ அவர் பெயரைச் சொல்லாமல் மறைப்பதும் நிஹ்னவமே என்பது சமண மரபின் கல்வி ஒழுக்கம். இக்குற்றங்களுக்குச் சூத்திரம் கூறும் பயன் நரகமோ வறுமையோ அன்று. மறைத்தவருடைய சொந்த அறிவே மூடப்படும் என்பதுதான்.

இக்கோட்பாட்டை ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிற்பகுதியோடு சேர்த்து எண்ணுவதற்கு புவியியல் சார்ந்த காரணமும் உண்டு. தத்துவார்த்த சூத்திரத்திற்குச் சர்வார்த்தசித்தி என்னும் உரையை எழுதிய பூஜ்யபாதரை மேலைக் கங்க மன்னன் துர்விநீதனின் ஆசிரியர் என்று மரபு கூறுகிறது. அக்கங்கர்களின் முதல் தலைநகராகிய கோலார், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வட எல்லைக்கு அப்பால் சிறிது தொலைவிலேயே உள்ளது. அதே கங்க மரபைச் சார்ந்தவனாகத் தன்னைச் சொல்லிக்கொண்ட சிற்றரசன் சீயகங்கன், மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், பவணந்தி என்னும் சமண முனிவரைக் கொண்டு நன்னூலை இயற்றுவித்தான். நன்னூல் இலக்கண நூலாகவே பெரிதும் படிக்கப்படுகிறது. ஆனால் அதன் பொதுப்பாயிரம், அறிவு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எவ்வாறு செல்கிறது, எவ்விடத்தில் தடைப்படுகிறது என்பது பற்றித் தமிழில் எழுந்த மிகக் கூர்மையான ஆராய்ச்சிகளுள் ஒன்று. அப்பாயிரத்தின்படி, ஆசிரியர் சொல்வதை நன்கு ஏற்றுக்கொண்டாலும் மாணவனுக்கு வாய்ப்பது புலமையில் காற்கூறு மட்டுமே. அதே துறையில் பயில்வாரோடு பழகி ஆராய்வதால் இன்னொரு கால் கிட்டுகிறது. எஞ்சிய இரண்டு கால்களும், அதாவது சரிபாதி, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேர்கின்றன. சமணச் சித்தாந்தம் வினையின் மொழியில் சொன்னதைப் பவணந்தி கணக்காகவே சொல்லிவிட்டார் என்று கொள்ளலாம். சொல்லாதவர் பிறருக்குக் கேடு செய்கிறார் என்பதைவிட, தமது அறிவின் பாதியைப் பெறாமலே போகிறார் என்பதே இங்கு முதன்மையான செய்தி.

இது நிறுவனங்களுக்கும் பொருந்துமா என்பதைச் சோதிக்க ஓசூர் தக்க இடம். 1970களில் சிப்காட் தொழில் வளாகம் தோன்றும்வரை வேளாண்மையும் கால்நடையும் சார்ந்த சிற்றூராக இருந்த அவ்விடத்தில், 1980இல் டி.வி.எஸ். மொபெட்டும் அசோக் லேலண்ட் லாரியும் உருவாகத் தொடங்கின. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் நிறுவனமும் இங்கேயே கடிகார ஆலையை அமைத்தது. பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் பேசப்படும் இவ்வெல்லைப் பகுதியில், ஆலைத் தளத்தின் அறிவு என்பது தொடக்கம் முதலே ஒரு மொழியில் எழுதி வைக்கக்கூடியதாக இருக்கவில்லை.

டி.வி.எஸ். மோட்டார் நிறுவனத்தின் கதை இங்கு எடுத்துக்கொள்ளத் தக்கது. ஜப்பானின் சுசுகி நிறுவனத்தோடு 1980களில் ஏற்பட்ட கூட்டினால் 100 சிசி மோட்டார் சைக்கிளின் வரைபடங்களும் உற்பத்தி முறைகளும் ஓசூருக்கு வந்தன. அக்கூட்டு 2001இல் முடிந்தது. அவ்வாண்டிலேயே நிறுவனம் தானே வடிவமைத்த விக்டர் என்னும் வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2002இல் டெமிங் பரிசைப் பெற்றது. டெமிங் பரிசு என்பது, ஒரு நிறுவனம் தலைமை முதல் தளத் தொழிலாளி வரை அனைவரையும் சேர்த்துத் தர மேம்பாட்டை நடைமுறைப்படுத்தியிருக்கிறதா என்று நேரில் ஆய்ந்து ஜப்பானிய அறிவியலாளர் பொறியாளர் சங்கம் வழங்குவது. இப்பரிசின் பிறப்பே ஒரு கொடையிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் 1950இல் ஜப்பானில் ஆற்றிய விரிவுரைகள் நூலாக அச்சேறியபோது, அதற்குரிய உரிமைத்தொகையை அவர் ஏற்காமல் அச்சங்கத்திற்கே விட்டுக்கொடுத்தார். அப்பணத்தைக் கொண்டு 1951இல் அவர் பெயரால் பரிசு நிறுவப்பட்டது. உணவு, அடைக்கலம், மருந்து ஆகியவற்றோடு நூலறிவையும் சேர்த்து நால்வகைத் தானம் என்று சமணர் வகுத்தனர். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டின் அத்திமப்பை என்னும் பெண்மணி, பொன்னகவியின் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கியதாக வழங்கும் வரலாறு சாத்திர தானத்திற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது. டெமிங் செய்ததும் அவ்வரிசையில் வைக்கத் தக்கதே.

ஆனால் கொடுப்பவர் பேரறிஞராக இருக்கும்போது தானம் எளிது. டெமிங் தம் விரிவுரையைக் கொடுத்ததால் அவருடைய வேலை போய்விடவில்லை. கேள்வி கடினமாவது தொழிலாளியிடம் வரும்போதுதான்.

இரும்பு உதிரிபாகங்களைக் கடைந்து தரும் சிறு பட்டறையொன்றை எண்ணிப் பார்க்கலாம். சி.என்.சி. லேத்தில் வேலை செய்யும் ஆபரேட்டருக்கு, வெட்டுமுனையாகிய இன்செர்ட்டை இத்தனை பீஸுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று தாளில் எழுதி ஒட்டியிருக்கும். ஆனால் சில நாட்களில் அவர் அந்த எண்ணிக்கை வருவதற்கு முன்பே இயந்திரத்தை நிறுத்தி இன்செர்ட்டைத் திருப்பிப் போடுகிறார். வெளியே வரும் சிப் வைக்கோல் நிறத்திலிருந்து கருநீலமாக மாறுவதையும், வெட்டும் ஒலியில் ஒரு கரகரப்பு ஏறுவதையும் அவர் கவனித்திருக்கிறார். ஏன் மாற்றினாய் என்று, இயந்திரத்தை அமைத்துத் தரும் செட்டர் கேட்டால், அப்படித்தான் தோன்றியது என்பதற்கு மேல் அவரால் சொல்ல இயலாது. ஆங்கில மெய்யியலாளர் கில்பர்ட் ரைல் 1949இல், ஒன்று இன்னதென அறிவதையும் ஒன்றைச் செய்ய அறிவதையும் வேறுபடுத்தினார். அங்கேரியில் பிறந்த மைக்கேல் போலானி, மனிதர் சொல்லக்கூடியதைவிட மிகுதியாக அறிந்திருக்கின்றனர் என்னும் உண்மையை அடிப்படையாக வைத்து 1960களில் உள்ளுறை அறிவு பற்றிய கொள்கையை விரித்தார். ஆபரேட்டரின் அறிவு இவ்வகையைச் சார்ந்தது. அவரை ஒருவர் பொறுமையாகக் கேட்டு, எந்தெந்த நாட்களில் முன்கூட்டி மாற்றினார் என்று குறித்து வைத்துப் பார்த்தால், அந்த நாட்களெல்லாம் ஒரே ஃபோர்ஜிங் லாட்டோடு பொருந்திவரக்கூடும். அந்த லாட்டைக் கடினத்தன்மைச் சோதனைக்கு அனுப்பினால், அடித்து வடித்த பாகத்தைச் சூடேற்றிப் பதப்படுத்தும் உலையில் கதவோரத் தட்டுகளில் உள்ள பாகங்கள் மட்டும் விரைவில் குளிர்ந்து இறுகிவிடுகின்றன என்பது தெரியவரக்கூடும். உலையில் தட்டுகளை அடுக்கும் முறை மாறுகிறது; இன்செர்ட் செலவு குறைகிறது; ரிஜெக்‌ஷன் குறைகிறது. இப்புதுமை யாருடைய தலையிலும் முன்பே இருந்ததன்று. ஆபரேட்டர் சொல்லத் தொடங்கிய பிறகு, சொல்லும் செயலுக்குள்ளேயே அது பிறந்தது. பவணந்தி கூறிய அரைக்கூறு இதுதான் என்று கொள்வதில் தவறில்லை.

அறிவு மேலாண்மை என்ற பெயரில் பல நிறுவனங்கள் வாங்கிவைக்கும் மென்பொருட்கள் ஏன் வெறும் கோப்புக் கிடங்குகளாக முடிகின்றன என்பதற்கும் விடை இங்கேயே உள்ளது. முன்பே உருத்திரண்ட அறிவைச் சேமித்து வைப்பதே வேலை என்று அவை கருதுகின்றன. உருத்திரளும் இடமாகிய உரையாடலை அவை தொடுவதில்லை. ஜப்பானிய அறிஞர்கள் இகுஜிரோ நோனாகாவும் ஹிரோதாகா தாகெயுச்சியும் 1995இல் வெளியிட்ட நூலில், உள்ளுறை அறிவு கூடப் பழகுவதால் இன்னொருவருக்குச் சென்று, சொல்லாகி, பிற அறிவோடு இணைந்து, மீண்டும் கைப்பழக்கமாகும் சுழற்சியைப் புதுமையின் ஊற்றாகக் காட்டினர். தர வட்டம், படிப்படியான சிறு மேம்பாடாகிய கெய்சன், இயந்திரத்தின் அருகிலேயே ஒட்டப்படும் ஒற்றைப் பக்கப் பாடம் ஆகியவை இச்சுழற்சிக்கு ஆலைகள் கண்ட வடிவங்கள். ஒற்றைப் பக்கப் பாடம் எனப்படுவது ஒரு தாள்தான். இடப்பக்கம் தவறான முறையின் படம், வலப்பக்கம் சரியான முறையின் படம், கீழே எழுதியவரின் பெயரும் தேதியும். பன்மொழித் தளத்தில் படம் பெரும்பாலும் சொல்லை முந்திக்கொள்கிறது.

அத்தாளின் கீழுள்ள பெயர் அலங்காரத்திற்காக இருப்பதன்று. தொழிலாளி தம் உத்தியை ஏன் மறைக்கிறார் என்பதை மாத்சரியம், அதாவது பொறாமை, என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. ஒரு பீஸுக்கு 90 விநாடி ஆகும் வேலையை 75 விநாடியில் முடிக்கும் வழியைச் சொல்லிவிட்டால், அடுத்த மாதம் ஷிஃப்டின் இலக்கு உயரும். இலக்கு உயர்ந்தால் பக்கத்து இயந்திரத்தில் உள்ள நண்பருக்கும் சுமை கூடும். ஒருவேளை ஆறு பேர் செய்த வேலைக்கு ஐவர் போதும் என்றும் ஆகும். இவ்வகை மறைப்பை அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் 1911ஆம் ஆண்டு நூலிலேயே விரிவாக விவரித்துள்ளார். அவர் கண்ட தீர்வு, தொழிலாளரிடம் வழிவழியாக இருந்துவந்த அறிவு முழுவதையும் மேலாளர்கள் திரட்டி, வகைப்படுத்தி, விதிகளாக்கித் திரும்பத் தொழிலாளருக்கே கட்டளையாக வழங்க வேண்டும் என்பது. சமணத்தின் அளவுகோலில் இது இரண்டாம் பொருளிலான நிஹ்னவம்: யாரிடமிருந்து பெறப்பட்டதோ அவர் பெயர் அழிந்துவிடுகிறது. நிறுவனங்கள் தொழிலாளியின் மறைப்பைக் குறையாகவும் தமது மறைப்பை முறையாகவும் கருதுவது வழக்கம். ஆறு குற்றங்களின் பட்டியல் அந்த வேறுபாட்டை ஏற்பதில்லை. டெமிங் தம் பதினான்கு நெறிகளுள் எட்டாவதாக அச்சத்தை நீக்குவதை வைத்ததும் இக்காரணம் பற்றியே. அச்சமுள்ள இடத்தில் கேட்கப்படும் கேள்விக்கு அறியேன் என்பதே பாதுகாப்பான விடை.

எழுத்தறிவு குறைந்த ஒருவரின் சொல்லைப் பொறியாளர் அறிவாக ஏற்கலாமா என்ற ஐயம் இன்னொரு தடை. இதற்கு நியாய தரிசனம் தெளிவான விடை தருகிறது. நியாயம் அறிவுக்குரிய வழிகளாகக் காட்சி, அனுமானம், ஒப்புமை, நம்பத்தக்கவர் சொல் ஆகிய நான்கினை ஏற்கிறது. நம்பத்தக்கவர், அதாவது ஆப்தர், யார் என்பதற்கு உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் சொல்லும் இலக்கணம் இரண்டே கூறுகளை உடையது: பொருளை நேரில் அறிந்திருத்தல்; அறிந்தவாறே பிறருக்குச் சொல்லும் விருப்பம். இவ்விலக்கணம் முனிவருக்கும், ஆரியருக்கும், மிலேச்சருக்கும் ஒன்றே என்று அவர் வெளிப்படையாகக் கூறுகிறார். குலமும் பட்டமும் அங்கு இடம்பெறவில்லை. சிப்பின் நிறத்தை நேரில் கண்ட ஆபரேட்டர், அதைக் கண்டவாறு சொல்ல விரும்பினால், அந்தப் பொருளைப் பொறுத்தவரை அவரே ஆப்தர். முதற்கூறு அவரிடம் எப்போதும் உண்டு. இரண்டாம் கூறு இருக்குமா என்பது அவர் குணத்தைவிட அவர் பணிபுரியும் இடத்தைப் பொறுத்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

டைட்டன் ஆலையின் வரலாறு வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. செர்க்ஸஸ் தேசாய் தலைமையில் அந்நிறுவனம் சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் இளைஞரையும் பெண்களையும், ஆலை வாசலையே முன்பு கண்டிராதவர்களைப் பள்ளிப் படிப்போடு எடுத்துக் கடிகாரத் தொழிலில் பழக்கியது. கற்பிப்பதற்கு வேண்டிய அனுபவத்தில் ஒரு பங்கு பிரான்சிலிருந்து வந்தது. இன்னொரு பங்கு அத்திப்பள்ளிச் சோதனைச்சாவடியைக் கடந்து பெங்களூருவிலிருந்து வந்தது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961 முதல் அங்கே கடிகாரம் செய்துவந்த எச்.எம்.டி.யில் பழகிய பலர் டைட்டனின் தொடக்கக் காலத்தில் பணியாற்றினர். இவ்வாறு வளர்ந்த கைகளே 2002இல் எட்ஜ் என்னும் கடிகாரத்தைச் சாத்தியமாக்கின. அதன் மொத்தத் தடிப்பு 3.5 மில்லிமீட்டர், உள்ளே ஓடும் இயக்கப்பொறியின் தடிப்பு 1.15 மில்லிமீட்டர். அந்த அளவில் சக்கரத்தை இடுக்கியால் பிடிக்கும் அழுத்தம் எவ்வளவு என்பதை எந்தத் தாளிலும் எழுதிவிட முடியாது. திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி இராமாநுசர் அனைவர்க்கும் மந்திரத்தை வெளியிட்ட செய்தியை அறிவுப் பகிர்வின் உச்சமாகக் காட்டுவது தமிழ் மேடைகளில் வழக்கம்; அப்பெருஞ்செயலின் அறம் ஐயத்திற்கு இடமற்றது. ஆனால் மந்திரம் சொன்னவுடன் கேட்டவருக்குச் சேர்ந்துவிடுகிறது. இடுக்கியின் அழுத்தம் அவ்வாறு சேர்வதில்லை. அதற்குக் கோபுரம் உதவாது, பக்கத்து இருக்கைதான் வேண்டும், அதுவும் பல மாதங்களுக்கு.

நன்னூல் தீய ஆசிரியருக்குச் சொல்லும் உவமைகளுள் ஒன்று முடத்தெங்கு. ஒருவர் நீரூற்றி வளர்க்க, வளைந்து வேலிக்கு அப்பால் சென்று அயலார் வீட்டில் காய் உதிர்க்கும் தென்னை அது. பயிற்சி கொடுத்த ஆளைப் பக்கத்து நிறுவனம் இழுத்துக்கொள்வதைக் கண்டு வருந்தும் மேலாளர்கள் பவணந்தியைத் தம் பக்கத்துச் சாட்சியாக அழைக்கக்கூடும். எனினும் இந்த ஓரிடத்தில் நன்னூலோடு மாறுபட வேண்டியிருக்கிறது. எச்.எம்.டி. நீரூற்றியதன் காய் ஓசூரில் விழுந்தது. பெரிய ஆலைகளில் பழகிப் பின்னர் வெளியேறியவர்கள் தொடங்கிய ஜாப் ஒர்க் பட்டறைகள் அதே ஆலைகளுக்கு உதிரிபாகம் தருகின்றன. 1990களில் மைராடா என்னும் தொண்டு நிறுவனத்தின் முயற்சியால், ஓசூரைச் சூழ்ந்த சிற்றூர்ப் பெண்கள் டைட்டனுக்காகக் கடிகாரப் பட்டைகளைக் கோத்துத் தரக் கற்று, மெடோ என்ற பெயரில் தமக்கே உரிய நிறுவனமொன்றை அமைத்துக்கொண்டனர். ஆலைச் சுவருக்குள்ளேயே தங்கியிருந்தால் அந்தக் கைத்திறன் அவர்கள் கையைச் சென்றடைந்திராது. ஒரு நிறுவனத்தின் கணக்கில் இழப்பாக எழுதப்படுவது ஊரின் கணக்கில் முதலாக நிற்கிறது. தொழில் வட்டாரம் என்பதை இவ்விரண்டாம் கணக்கை வைத்தே மதிப்பிட வேண்டும்.

இதனால் எல்லா மறைப்பும் குற்றமென்று ஆகிவிடாது. யாருக்குக் கற்பிக்கலாகாது என்றும் நன்னூல் பட்டியலிடுகிறது. சமண நூல்களும் கேட்பவரின் தகுதியை நோக்கியே கற்பிக்கச் சொல்கின்றன. மின்வாகனமும் கைப்பேசி உறுப்புகளும் இன்று இவ்வட்டாரத்தின் புதிய தொழில்களாக வளர்ந்துள்ளன. போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏத்தர், டாடா எலக்ட்ரானிக்ஸ் என அவை பரவியிருக்கின்றன. பிறருக்காகப் பொருள் செய்து தரும் ஒப்பந்த உற்பத்தியில் வடிவமைப்பு வாடிக்கையாளருக்கு உரியது; அதைக் காப்பது சொன்ன சொல்லைக் காப்பதாகும். போட்டியாளரிடமிருந்து மறைப்பது வேறு, உடன் பணிபுரிவோரிடமிருந்து மறைப்பது வேறு. முன்னதற்காக எழுதப்பட்ட இரகசியக் காப்பு விதி பின்னதற்கும் நீண்டு, ஒரு லைனில் கண்ட குறையை அடுத்த லைனுக்குச் சொல்லவும் அனுமதி வேண்டியிருக்குமானால், அது சொல்ல வருபவரைத் தடுக்கும் குற்றத்தின்பாற் படும்.

இவையெல்லாவற்றையும்விட இன்று கவனிக்க வேண்டியது காலம். பயிற்சியாளர் என்றும் ஒப்பந்தத் தொழிலாளர் என்றும் ஓரிரு ஆண்டுகளுக்கு மட்டும் ஆளெடுத்து, காலம் முடிந்தவுடன் அனுப்பிவிட்டு, புதியவரை அமர்த்தும் வழக்கம் இந்திய ஆலைகளெங்கும் பரவிவிட்டது. இம்முறையில் வரும் இளைஞருக்கு ஒரு வார வகுப்பில் ஆசிரியர் தரும் காற்கூறு கிடைக்கிறது. விடுதியிலும் லைனிலும் உடன் பயில்வாரோடு பழகி இன்னொரு கால் கிட்டலாம். கற்றதை அடுத்தவருக்கு எடுத்துரைக்கும் நிலைக்கு அவர் வருவதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. ஆகவே அவர் எதையும் மறைக்காமலே, மறைத்தவருக்குரிய வினையை அடைகிறார். அவரை அனுப்பிய நிறுவனமோ, சிப்பின் நிறத்தைக் கண்டறிந்து சொல்லக்கூடியவர் ஒருவரையும் லைனில் வைத்திராமல், தாளில் எழுதிய எண்ணிக்கையின்படி இன்செர்ட்டை மாற்றிக்கொண்டிருக்கிறது.